மரமஞ்சள் சாறு கிருமியைக் கொல்லும்... சரி, கண்ணாடித் தட்டிலா, நம் உடம்பிலா?

‘அபூர்வ மூலிகையின் சாறு, மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கொல்கிறது!’ இப்படி ஒரு தலைப்பை நாம் எல்லோருமே எங்காவது பார்த்திருப்போம். பக்கத்தில் ஓர் இலையின் படம், கீழே ‘விஞ்ஞானிகள் வியப்பு’ என்று ஒரு வரி. அடுத்த அரை மணி நேரத்தில் அது ஃபேமிலி குரூப்புக்கு வந்துவிடும். மறுநாள் நாட்டு மருந்துக் கடையில் அந்தப் பொடியைக் கேட்டு நாலு பேர் நிற்பார்கள்.

இந்தத் தலைப்புகளில் அடிக்கடி அடிபடும் செடிகளில் ஒன்று மரமஞ்சள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் மழைக்காடுகளிலும் வளரும் கொடி இது. அதன் தண்டுக்குக் கிருமியை எதிர்க்கும் தன்மை உண்டு என்பது கட்டுக்கதை கிடையாது, ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். அது அபூர்வமாகிவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் கேட்கப்படாமலே போகும் கேள்விகள் சில இருக்கின்றன. எந்தக் கிருமி? எவ்வளவு சாறு? தட்டில் செத்த கிருமி உடம்புக்குள்ளும் சாகுமா? அதற்காகக் காட்டில் மிச்சமிருக்கும் கொடியை வெட்டத்தான் வேண்டுமா?

மஞ்சள் வேறு, மரமஞ்சள் வேறு

முதலில் பெயர்க் குழப்பத்தை முடித்துவிடலாம். சாம்பாரில் போடும் மஞ்சள் வேறு. முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள் வேறு. அவை இரண்டும் கிழங்குகள், இஞ்சிக் குடும்பம். மரமஞ்சள் என்பது பெரிய மரங்களைப் பற்றிக்கொண்டு உச்சி வரை ஏறும் கட்டைக் கொடி. காசினியம் ஃபெனெஸ்ட்ரேட்டம் என்பது தாவரவியல் பெயர். நமக்கு நன்றாகத் தெரிந்த சீந்தில் கொடிக்கு இது பங்காளி முறை, இரண்டும் மெனிஸ்பெர்மேசியே குடும்பம். இலை பெரிதாக இதய வடிவில் இருக்கும், அடிப்பக்கம் வெளிறிய ரோமம். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பளிச்சென்று மஞ்சள் நிறம். பெயர் வந்த காரணம் அதுதான்.

சித்த மருத்துவத்திலும் கேரள ஆயுர்வேதத்திலும் காய்ச்சல், காமாலை, ஆறாத புண், கண் நோய், வயிற்றுப்போக்கு என்று இதற்கு நீண்ட பயன்பாட்டு வரலாறு இருக்கிறது. இலங்கையில் இன்னும் ஒரு படி மேலே. சிங்களத்தில் ‘வெனிவெல்’ என்று அழைக்கப்படும் இந்தத் தண்டுச் சீவல்களும் கொத்தமல்லியும் சேர்ந்த பாக்கெட்டுகள் அங்கே சாதாரண மளிகைக் கடையிலேயே கிடைக்கும். தடிமன், காய்ச்சல் என்றாலே ‘கொத்தமல்லி அவிச்சுக் குடி’ என்பதுதான் வீட்டு வைத்தியத்தின் முதல் வரி.

ஐரோப்பியர்களும் இதை விட்டுவைக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கலம்பா வேருக்கு மாற்றாக இது ‘சிலோன் கலம்பா’ என்ற பெயரில் கப்பலேறியது. அசல் சரக்கு இல்லை என்பதால் ‘போலிக் கலம்பா’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குப் போலி என்று பெயர் வாங்கிய இந்தக் கொடிக்கே இன்று சந்தையில் போலி வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

அந்த மஞ்சள் நிறத்துக்குள் என்ன இருக்கிறது?

பெர்பெரின். கசப்பான, அடர் மஞ்சள் நிற ஆல்கலாய்டு. புற ஊதா விளக்கில் காட்டினால் மஞ்சளாக ஒளிரும். மரமஞ்சள் தண்டில் இதனுடன் பால்மடின், ஜட்ரோரைசின் போன்ற உறவுக்காரப் பொருட்களும் இருக்கின்றன. கிருமி எதிர்ப்பில் பெரிய பங்கு பெர்பெரினுடையதுதான்.

இந்தப் பொருளை மனிதர்கள் பயன்படுத்துவது புதிதல்ல. தேதி குறிப்பிட்டு அச்சிடப்பட்டு இன்றும் முழுமையாகக் கிடைக்கும் நூல்களில் உலகிலேயே பழமையானது கி.பி. 868-ஆம் ஆண்டின் சீன ‘வைர சூத்திரம்’. அந்தக் காகிதத்துக்கு மஞ்சள் சாயம் ஏற்றப்பட்டது பெர்பெரின் உள்ள ஒரு மரப்பட்டையால்தான். அழகுக்காக மட்டுமல்ல, பூச்சி அரிக்காமல் இருக்கவும். சீனாவில் பெர்பெரின் மாத்திரை இன்றும் வயிற்றுப்போக்குக்குக் கடைகளில் விற்கப்படுகிறது. 2023-ல் டிக்டாக்கில் ‘இயற்கையின் ஓசெம்பிக்’ என்று எடை குறைப்புக்காக டிரெண்ட் ஆனதும் இதே பெர்பெரின்தான். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

பெர்பெரின் மூலக்கூறு நேர்மின் சுமை கொண்டது. பாக்டீரியா செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மை கொண்டிருப்பதால், பெர்பெரின் உள்ளே இழுக்கப்பட்டுச் சேர்கிறது. உள்ளே போனதும் டிஎன்ஏ-வுடன் ஒட்டிக்கொள்கிறது. பாக்டீரியா இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான எஃப்டிஎஸ்இசட் என்ற புரதத்தின் வேலையையும் கெடுக்கிறது. அதாவது ஒரே இடத்தில் அடிக்கும் மருந்து இல்லை, இரண்டு மூன்று இடங்களில் குறுக்கே விழும் ஆசாமி.

தட்டில் தெரியும் வட்டம்

‘சாறு கிருமியைக் கொன்றது’ என்ற செய்திகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியான சோதனையிலிருந்து வருபவை. அகர் என்ற ஜெல்லி ஊற்றிய கண்ணாடித் தட்டில் பாக்டீரியாவைப் பரப்புவார்கள். நடுவில் சின்னக் குழி போட்டோ, காகித வில்லை வைத்தோ சாற்றை விடுவார்கள். ஒரு ராத்திரி கதகதப்பில் வைத்தால் தட்டு முழுக்கப் பாக்டீரியா வளர்ந்து மங்கலாகிவிடும். சாறு வேலை செய்தால், அதைச் சுற்றி மட்டும் வளர்ச்சி இல்லாத தெளிவான வட்டம் தெரியும். ஸ்கேலை வைத்து அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்தால் ரிசல்ட் ரெடி.

எளிமையான, செலவு குறைந்த சோதனை. கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிடலாம். அதனால்தான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான செடிகள் இப்படிச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. மரமஞ்சளும் அதில் உண்டு. 2005-ல் ‘ஃபிட்டோடெரபியா’ இதழில் இதன் பாக்டீரியா எதிர்ப்பு பற்றிய ஆய்வு வெளியானது, அதற்கு முன்னும் பின்னும் வேறு ஆய்வுகளும் வந்திருக்கின்றன.

ஆனால் அந்த வட்டம் சொல்வது கொஞ்சம்தான். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து வீரியமானது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஜெல்லிக்குள் வேகமாகப் பரவும் பொருள் பெரிய வட்டம் போடும், மெதுவாகப் பரவும் நல்ல மருந்து சின்ன வட்டத்தோடு நின்றுவிடும். சாறு எடுக்கப் பயன்படுத்திய மெத்தனாலே கிருமியைக் கொன்றிருக்கலாம். அதனால் வெறும் மெத்தனாலையும் தனியாக வைத்துப் பார்த்தார்களா என்பது முக்கியம். இன்னொன்று, தட்டில் இருக்கும் கிருமியைக் கொல்வது அவ்வளவு பெரிய சாதனை இல்லை. வினிகர் கொல்லும். வெந்நீர் கொல்லும். பினாயில் நன்றாகவே கொல்லும். அதற்காக யாரும் பினாயிலை டம்ளரில் ஊற்றுவதில்லை.

அதனால் அடுத்த கட்டமாக ஆய்வாளர்கள் பார்ப்பது, கிருமி வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச அளவு. ஆங்கிலச் சுருக்கத்தில் எம்ஐசி என்பார்கள். ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மைக்ரோகிராம் இருந்தால் கிருமி வளராது என்ற கணக்கு. எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு வீரியம். ஸ்பெயினின் வலென்சியாவைச் சேர்ந்த ரியோஸ், ரெசியோ என்ற இரு ஆய்வாளர்கள் 2005-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. செடிச்சாறு என்றால் 100 மைக்ரோகிராமுக்குக் கீழே, பிரித்தெடுத்த தனிப்பொருள் என்றால் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால்தான் அது உண்மையில் கவனிக்கத்தக்கது. 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் போனால் அதைப் பெரிதாகப் பேசவே வேண்டாம் என்பது அவர்கள் வாதம்.

இந்த எண் ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சாற்றுக்கு மில்லிலிட்டருக்கு 1,000 மைக்ரோகிராம், அதாவது 1 மில்லிகிராம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. ரத்தத்தில் மட்டும் அந்த அளவை எட்ட 5 கிராம் சாறு கரைந்திருக்க வேண்டும். வாய்வழியே சாப்பிடுவதில் 1 சதவீதம்தான் ரத்தத்தில் சேருகிறது என்றால்? ஒரே வேளையில் அரை கிலோ சாற்றுப்பொடி சாப்பிட வேண்டும். கிருமி சாவதற்கு முன்னால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த 1 சதவீதம் சும்மா எடுத்துக்கொண்ட எண் அல்ல. பெர்பெரினை வாய்வழி கொடுத்துப் பார்த்த விலங்கு ஆய்வுகளில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1 சதவீதத்துக்கும் குறைவு. குடல் சுவரே அதைத் திருப்பித் தள்ளிவிடுகிறது, மிச்சத்தைக் கல்லீரல் மாற்றிவிடுகிறது.

உள்ளே வந்தால் வெளியே தள்ளும் பம்ப்

பெர்பெரின் பல இடங்களில் அடிக்கிறது, பாக்டீரியாவே அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்றெல்லாம் பார்த்தோம். அப்படியென்றால் அது சூப்பர் ஆன்டிபயாடிக்காக இருக்க வேண்டுமே? இங்கேதான் ட்விஸ்ட்.

பாக்டீரியாவின் செல் சவ்வில் பம்ப் போன்ற புரதங்கள் இருக்கின்றன. பிடிக்காத பொருள் உள்ளே வந்தால் உடனே வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. கிணற்றில் ஊற்று ஊறிக்கொண்டே இருந்தாலும் மோட்டார் போட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் மட்டம் ஏறாது இல்லையா, அதே கதை. சீழ்ப்புண் முதல் நிமோனியா வரை உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியில் இந்த பம்ப்புக்கு நார்ஏ என்று பெயர். பெர்பெரினை அது நன்றாக அடையாளம் கண்டு வெளியே தள்ளுகிறது. ஈ.கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வும் உண்டு. அதனால் அங்கே பெர்பெரினின் பாச்சா இன்னும் கொஞ்சம் குறைவாகவே பலிக்கும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் உள்ளிட்டோர் ஒரு சுவாரஸ்யமான விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பெர்பெரின் தயாரிக்கும் பெர்பெரிஸ் இனப் புதர்களின் இலையில் 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்ப்பின் என்ற இன்னொரு பொருளும் இருந்தது. தனியாக வைத்தால் அது ஒரு கிருமியையும் கொல்லவில்லை. ஆனால் பெர்பெரினோடு சேர்த்தால், அது நார்ஏ பம்ப்பை அடைத்துவிட்டது! பெர்பெரின் செல்லுக்குள் தேங்க, கிருமியின் வளர்ச்சி நின்றது. செடி ஆயுதத்தை மட்டும் செய்யவில்லை, எதிரியின் கேடயத்தைப் பிடுங்கும் பொருளையும் சேர்த்தே செய்துவைத்திருந்தது.

பெர்பெரின் பற்றிய ஆய்வுகளிலேயே நிஜமாகக் கொண்டாடப்பட வேண்டியது இதுதான். ஆனால் ‘மூலிகை கிருமியைக் கொல்கிறது’ என்ற அளவுக்குத் தலைப்பில் உட்காராததால் பலருக்குத் தெரியாது. முழுச் சாறு சில சமயம் அதிலிருந்து பிரித்த தனிப்பொருளைவிட நன்றாக வேலை செய்வதற்கு இது ஒரு விளக்கம். 2006-ல் இன்னொரு குழு, பெர்பெரினையும் பம்ப்பை அடைக்கும் பொருளையும் வேதியியல் முறையில் ஒரே மூலக்கூறாக ஒட்டிப் பார்த்தது. தனிப் பெர்பெரினைவிட அது வீரியமாக இருந்தது. ஆனால் இப்படி ஒட்டிய மருந்து எதுவும் மருந்துக்கடைக்கு வந்துசேரவில்லை.

இதில் அவசரம் என்ன என்று கேட்டால், ‘லான்செட்’ இதழில் 2022-ல் வந்த கணக்கு பதில் சொல்லும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா தொற்றால் 2019-ல் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர். இன்று நாம் பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை பூஞ்சைகளிடமிருந்தும் மண் பாக்டீரியாக்களிடமிருந்தும் கிடைத்தவை, அல்லது அவற்றைத் திருத்தி எடுத்தவை. 1928-ல் பெனிசிலின், 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் என்று தொடங்கிய அந்தச் சுரங்கத்தில் புதுச் சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. மலேரியாவுக்கு எதிராகச் செடிகள் கொயினாவையும் ஆர்ட்டிமிசினினையும் தந்தன. ஆர்ட்டிமிசினினுக்காகச் சீனாவின் டு யூயூ 2015-ல் நோபல் பரிசும் பெற்றார். பாக்டீரியாவுக்கு எதிராகவும் செடியிலிருந்து அப்படி ஒன்று வராதா என்ற எதிர்பார்ப்பு நியாயமானதுதான்.

மனிதர்களிடம் பார்த்தாச்சா?

பார்த்திருக்கிறார்கள், ஆனால் மரமஞ்சள் கஷாயத்தை வைத்து அல்ல, பெர்பெரினை வைத்து. அதில் முக்கியமான ஒன்று வங்கதேசத்தில் நடந்தது. 1987-ல் ஜி.எச்.ரப்பானி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், காலரா அல்லது நச்சு சுரக்கும் ஈ.கோலை கிருமியால் கடும் வயிற்றுப்போக்கு வந்த 165 பெரியவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஈ.கோலை பாதிப்பு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு 400 மில்லிகிராம் பெர்பெரின் சல்ஃபேட் ஒரே ஒரு வேளை தரப்பட்டது. 24 மணி நேரத்துக்குள் வயிற்றுப்போக்கு நின்றவர்கள், மருந்து எடுத்தவர்களில் 42 சதவீதம், எடுக்காதவர்களில் 20 சதவீதம். நல்ல வித்தியாசம். காலராவில் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. டெட்ராசைக்ளினோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை.

கவனித்தால் ஒன்று புரியும். ரத்தத்தில் சேராது என்பது பெர்பெரினின் பெரிய குறை. ஆனால் நோய் குடலில் இருந்தால் அதே குறை வசதியாகிவிடுகிறது, மருந்து தேவைப்பட்ட இடத்திலேயே தங்கிவிடுகிறது. அதோடு, கிருமியின் நச்சால் குடல் நீரைச் சுரந்து தள்ளுவதையும் பெர்பெரின் குறைக்கிறது. அதாவது அங்கே கிடைத்த பலன் முழுக்கக் கிருமியைக் கொன்றதால் கிடைத்தது என்றும் சொல்லிவிட முடியாது.

தோல் புண்ணுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். புண்ணைக் கழுவும் நீரில் பெர்பெரினின் அடர்த்தி ரத்தத்தில் எட்ட முடியாத அளவுக்கு அதிகமாக இருக்கும். நம் முன்னோர்கள் மரமஞ்சளை வயிற்றுக்கும் வெளிப்புண்ணுக்கும் அதிகம் பயன்படுத்தியதை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், அனுபவ அறிவு எங்கே சரியாகக் கை வைத்திருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் நிமோனியா, ரத்தத்தில் தொற்று, சிறுநீரகத் தொற்று போன்றவற்றுக்கு மரமஞ்சளை நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சாதாரண சளிக்கும் இதே கதைதான். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. பாக்டீரியாவின் பம்ப்பை அடைப்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. கொத்தமல்லிக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கும், அந்த இதம் போதும் என்றால் சரி.

யார் தொடவே கூடாது?

பச்சிளம் குழந்தைகள். இதில் பேரமே கிடையாது. ரத்தத்தில் பிலிருபினைப் பிடித்துவைத்திருக்கும் புரதத்திலிருந்து பெர்பெரின் அதை விடுவித்துவிடும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கும்போது அப்படி விடுபடும் பிலிருபின் மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு. சிங்கப்பூரில் பச்சிளம் குழந்தைகளின் காமாலையோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டதால், பெர்பெரின் உள்ள சீன மூலிகைகளுக்கு 1978-ல் தடையே போட்டார்கள். 2013 முதல்தான் படிப்படியாக அந்தத் தடையை விலக்கினார்கள். ‘மரமஞ்சள் காமாலைக்கு நல்லது’ என்று கேள்விப்பட்டுப் பிறந்த குழந்தைக்குச் சங்கில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை யோசித்துக்கொள்ளலாம். இதே காரணத்தால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்க வேண்டும்.

வேறு மாத்திரைகள் தினமும் சாப்பிடுபவர்களும் யோசிக்க வேண்டும். பல மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைப் பெர்பெரின் தடுக்கும். விளைவு, அந்த மருந்து உடம்பில் அளவுக்கு மேல் தங்கிவிடும். மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் இதற்குத் தெரிந்த உதாரணம். சர்க்கரையைக் குறைக்கும் தன்மையும் இதற்கு உண்டு என்பதால், ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென்று சர்க்கரை இறங்கலாம்.

இன்னொரு விஷயம். இலங்கையில் துருப்பிடித்த ஆணி குத்தினால் டெட்டனஸ் வராமல் இருக்க மரமஞ்சள் கஷாயம் குடிக்கும் பழக்கம் உண்டு. டெட்டனஸில் ஆளைக் கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சு. அதற்கு எதிராக உடம்பைத் தயார் செய்வது தடுப்பூசி மட்டும்தான். கஷாயம் குடித்தாலும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

கொடி எங்கே போனது?

இனி அபூர்வம் என்ற சொல்லுக்கு வருவோம். மரமஞ்சள் பிறவியிலேயே அபூர்வம் இல்லை, அபூர்வமாக்கப்பட்டது. தென்னிந்தியாவின் மூலிகைகளின் நிலையை மதிப்பிட்ட நிபுணர் குழுக்கள் இதை ‘மிக ஆபத்தான நிலையில்’ என்ற பிரிவில் வைத்தன. அழிவுக்கு முந்தைய கடைசிப் படி அது. காட்டிலிருந்து எடுத்த மரமஞ்சளை ஏற்றுமதி செய்ய இந்தியா தடை விதித்திருக்கிறது. செஞ்சந்தனம் இருக்கும் அதே பட்டியலில் இதுவும் இருக்கிறது.

ஏன் இந்தக் கொடி மட்டும் இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது? அதன் வாழ்க்கை முறை அப்படி. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காட்டில் ஒரு பக்கம் ஆண் கொடிகளை வெட்டிவிட்டால், மிச்சமிருக்கும் பெண் கொடி எத்தனை வருடம் நின்றாலும் காய்க்காது. பூக்கும் வயதை எட்டவே பத்துப் பதினைந்து வருடம் ஆகலாம். காய்த்தாலும் விதை லேசில் முளைக்காது, மாதக்கணக்கில் தூங்கும். ஏறிப் படர உயரமான மரமும் அடர்ந்த நிழலும் ஈரமும் வேண்டும் என்பதால், காட்டைத் திருத்தி ரப்பரோ தேயிலையோ போட்ட இடத்தில் அதற்கு இடமில்லை.

இப்படிப்பட்ட கொடியில் மருந்துக்கு வேண்டியது தண்டும் வேரும். இலையைப் பறித்தால் மறுபடி துளிர்க்கும், நெல்லிக்காயைப் பறித்தால் மரம் அப்படியே நிற்கும். தண்டை வெட்டினால்? அடியோடு போச்சு. தடிமனான முதிர்ந்த தண்டுக்குத்தான் விலை என்பதால், பூத்துக் காய்க்கும் வயதுக்கு வந்த கொடிகளே முதலில் வெட்டப்படுகின்றன. விதை தர வேண்டியதை முதலில் வெட்டினால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்?

சரக்கு குறைந்ததும் சந்தை தன் வேலையைக் காட்டியது. கடையில் மரமஞ்சள் என்று கேட்டால் கிடைப்பது பல நேரம் வட இந்தியாவிலிருந்து வரும் பெர்பெரிஸ் அரிஸ்டேட்டா புதரின் கட்டை. வடநாட்டு ஆயுர்வேதத்தில் ‘தாருஹரித்ரா’ என்றாலே அதுதான், தெற்கே அந்தப் பெயருக்கு மரமஞ்சளைப் பயன்படுத்துகிறார்கள். அதனால் இதை முழுக்க ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. இரண்டிலும் பெர்பெரின் இருப்பதால், பெர்பெரின் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் இரண்டுமே பாஸ். பொடியாக அரைத்துவிட்டால் நுண்ணோக்கியோ டிஎன்ஏ சோதனையோ இல்லாமல் பிரித்துச் சொல்வது கஷ்டம். வேறு கட்டைக்குச் சாயம் ஏற்றி விற்றாலோ, அது கலப்படமேதான்.

இதில் ஆய்வுகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சந்தையில் பொடி வாங்கிச் சோதித்துவிட்டு ‘மரமஞ்சளின் கிருமி எதிர்ப்புத் திறன்’ என்று கட்டுரை எழுதினால், சோதித்தது எந்தச் செடி? அதனால்தான் நல்ல ஆய்விதழ்கள், தாவரவியலாளர் அடையாளம் கண்டு பாதுகாத்துவைத்த மாதிரியின் எண்ணைக் கேட்கின்றன. செய்தியில் அது வராது. மூலக் கட்டுரையில் தேடிப் பார்க்கலாம்.

பெர்பெரின் வேண்டும் என்றால் கொடியைத் தொடத் தேவையில்லை

பெர்பெரின் மரமஞ்சளில் மட்டும் கிடைப்பதில்லை. பெர்பெரிஸ் புதர்கள் இமயமலையிலும் இருக்கின்றன, நீலகிரியின் உயரமான பகுதிகளிலும் இருக்கின்றன. சீனாவில் காப்டிஸ் செடி பயிராகவே வளர்க்கப்படுகிறது. செடியே இல்லாமல் வேதியியல் முறையிலும் பெர்பெரினைத் தயாரிக்க முடியும். 2015-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஈஸ்ட்டுக்குள் தேவையான மரபணுக்களைப் புகுத்தி, அதனிடமிருந்தே பெர்பெரினை வாங்கிக் காட்டினார்கள். மாவு புளிக்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். ஆக, நாளை பெர்பெரினிலிருந்து ஆன்டிபயாடிக் வந்தாலும் அதற்காக அகத்தியமலையில் ஒரு கொடிகூட விழ வேண்டியதில்லை.

ஆனால் ‘அபூர்வ மூலிகை’ என்ற தலைப்பு அப்படி வேலை செய்வதில்லை. அது பெர்பெரினை விற்பதில்லை, அபூர்வத்தை விற்கிறது. ஒரு செடி கிடைப்பது அரிது என்று எழுதும்போதே அதன் விலை ஏறுகிறது. சோதனைத் தட்டில் ஒரு வட்டம் தெரிந்ததைச் செய்தியாக்கும்போது, வெட்டுபவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் காரணம் கிடைத்துவிடுகிறது. இந்தப் பொறுப்பில் ஊடகங்களுக்கும் கணிசமான பங்கு உண்டு.

மறுபக்கமும் இருக்கிறது. கொடி அழிந்தால் போவது பெர்பெரின் மட்டுமல்ல. பெர்பெரிஸ் இலையில் பம்ப்பை அடைக்கும் பொருள் ஒளிந்திருந்தது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, தேடியதால் கிடைத்தது. மரமஞ்சளின் இலையிலும் வேரிலும் அப்படி வேறென்ன இருக்கிறது என்று பார்க்கக் கொடி உயிரோடு இருக்க வேண்டும்.

காப்பாற்றும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1993 முதல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடக வனத்துறைகளும் பெங்களூருவின் எஃப்ஆர்எல்ஹெச்டி அமைப்பும் சேர்ந்து காட்டுக்குள்ளேயே மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகளை ஏற்படுத்தின. அங்கே மூலிகைகளை வெட்டக் கூடாது, காட்டிலேயே பெருக விட வேண்டும் என்பது ஏற்பாடு. திசு வளர்ப்பிலும், தண்டுத் துண்டுகளை வேர்விட வைப்பதிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சாகுபடி செய்த மரமஞ்சள் என்று சான்று இருந்தால் ஏற்றுமதிக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. சிக்கல் எல்லாம் விவசாயியின் கணக்கில்தான். பல வருடம் காத்திருந்தால்தான் தண்டு வெட்டும் தடிமனுக்கு வரும். அதற்குள் அதே தோட்டத்தில் மிளகுக் கொடி பல முறை காய்த்துப் பணம் கொடுத்திருக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் பொடியாக வாங்காமல் கட்டையாகக் கேட்கலாம், இது தெற்கத்திக் கொடியா வடக்கத்திப் புதரா என்றும் கேட்கலாம். வடக்கத்திச் சரக்கு என்று கடைக்காரர் நேர்மையாகச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். தேடி வந்த பெர்பெரின் அதிலும் இருக்கிறது.